வேலியில் போகும் ஓணான்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். படித்தவர், குடமுருட்டிக் கரையில் சொற்ப நிலம் உடையவர், உத்தியோகம் இன்னும் அகப்படவில்லை. வேலியோரத்தில் ஓணான்களையும், வீட்டுச் சுவரில் பல்லிகளையும் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து ஆறு மாதமாக வளர்த்து வருகிறாராம். இரண்டு பெண் ஓணான்கள் இப்பொழுது சினையாக இருக்கின்றனவாம். திருச்சியிலும் சென்னையிலும் வெளிநாட்டுப் பாம்புகளைப் பிரியத்துக்காக வளர்க்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவற்றுக்குத் தீனியாகப் பல்லிகளை விற்கலாம், நிறம் நன்றாக இருப்பவற்றை வளர்ப்புக்கே விற்கலாம் என்பது அவருடைய உத்தேசம். "கோழி வளர்க்கிறோம், மீன் வளர்க்கிறோம், அதில் தோஷம் காணாதவர்கள் இதில் மட்டும் என்ன தோஷம் காணமுடியும்? தாங்கள் சட்டமும் அறிந்தவர்களாதலால் கேட்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

கேள்வி நியாயமானது. கேலி செய்து தள்ளிவிடத் தக்கதன்று. அதனால்தான் இன்று தலையங்கத்தின் இடத்தை இதற்குக் கொடுத்திருக்கிறோம். அற்ப ஜந்துக்களைப் பற்றி அரைப் பக்கமா என்று முகம் சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. நமது ஊர்ச் சிறுவர்கள் ஓணானைக் கண்டால் கல்லை எடுப்பார்கள். ராமபிரானுக்கு அது அபசாரம் செய்துவிட்டது என்று ஒரு கதையும் அதற்கு நியாயமாகச் சொல்லுவார்கள். நாமும் சிறு வயதில் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களே. ஆகையால் பெட்டியில் வைத்துத் தண்ணீர் தெளித்துப் பூச்சி பிடித்துப் போடுகிற இந்த இளைஞரை, கல்லெறிந்த நாம் கொடியவர் என்று சொல்லப் போவதில்லை. அவருடைய காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் கவனிக்கவேண்டும்.

அவர் ஊருக்கு மேற்கே சிறிது தூரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 2023-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஒரு பிரயாணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே துளையிட்ட சிறு டப்பிகள். டப்பிகளில் 47 மலைப்பாம்புகளும் பல்லியினத்தைச் சேர்ந்த பிராணிகள் இரண்டும் உயிரோடு இருந்தன. அடுத்த மாதம் பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 234 பிராணிகள் அகப்பட்டன. பாம்பு, பச்சோந்தி எல்லாம் இருந்தன. ஒரு கங்காருக் குட்டியும் இருந்தது. அது மூச்சுத் திணறிச் செத்துப் போயிருந்தது. பிடிபட்டது இவ்வளவு. பிடிபடாமல் வீதி வந்து சேர்ந்தவை எத்தனை என்று கணக்கிட நம்மிடம் வழியில்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அவற்றுக்குத் தீனி தேடும் கனவான்களே நமது நேயரின் வாடிக்கைக்காரர்கள் ஆகப் போகிறவர்கள். திருடிக் கொண்டுவந்த குதிரைக்குப் புல் விற்பதுபோல் ஆகாதா என்று அவர் யோசித்துப் பார்க்கவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கோழியை உதாரணம் காட்டுகிறார். கோழி வருஷம் பூராவும் முட்டையிடும். கூட்டில் அடைபட்டுத் தானியம் தின்று வளர ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பழகிய பிராணி. வீட்டுப் பல்லி ஒரு ஈட்டுக்கு இரண்டே முட்டை வைக்கிறது. வருஷத்தில் ஐந்து ஈடு வைக்கிறதென்றும், ஒரு முட்டைகூடக் கெடாது, ஒரு குஞ்சுகூடச் சாகாது என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பெண் பல்லியால் வருஷத்துக்குப் பத்துக் குஞ்சுகள். அவை பெரிதாகப் பல மாதங்கள் வேண்டும்; அத்தனை மாதமும் உயிருள்ள பூச்சி வேண்டும். பல்லி தின்னும் ஒரு சிறிய பாம்புக்கு வாரத்துக்கு இரண்டு பல்லி என்றாலும் வருஷத்துக்கு நூற்றுக்கு மேல். ஆக, ஒரு பாம்பின் வாயை நிரப்பப் பத்துப் பெண் பல்லிகள் ஓயாமல் முட்டையிடவேண்டும். பத்துப் பாம்புக்கு நூறு பல்லி. இந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் விலையையும், பூச்சி வளர்க்கும் செலவையும், மின்சார விளக்கின் செலவையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பல்லி என்ன விலைக்கு வரும்? மாட்டுக் கொட்டகைச் சுவரில் விளக்கடியில் இருபது பல்லிகள் இனாமாக ஓடிக்கொண்டிருக்கையில், அந்த விலை கொடுத்து எவன் வாங்குவான்?

ஆகவே முதல் மாதம் வளர்ப்புக்காரராக இருக்கும் நமது நேயர், இரண்டாம் மாதம் பிடிப்புக்காரர் ஆகிவிடுவார். மூன்றாம் மாதம் பையன்களுக்குக் காசு கொடுத்துப் பிடித்துவரச் சொல்லுவார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. கணக்கு அவரை அங்கே தள்ளும்.

இது நமது கற்பனை அன்று. இந்தோனேசியாவில் நடந்திருக்கிறது. "டோக்கே" என்று கத்துவதால் அப்பெயர் பெற்ற பெரிய பல்லி ஒன்று உண்டு. நமது நாட்டில் அஸ்ஸாம், மணிப்பூர்ப் பக்கங்களில் இருக்கிறது. எயிட்ஸ் நோய்க்கு மருந்து என்று எவனோ கிளப்பிவிட்ட புரளியால் 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் அதன் விலை ஏறி, காடு காடாக வேட்டையாடினார்கள். மருந்து என்பதற்கு எவ்வித ருசுவும் கிடையாது. இந்தோனேசிய சர்க்கார், கூண்டில் பிறந்த டோக்கேப் பல்லிகள் என்ற பெயரில் முப்பது லக்ஷத்துக்கு மேல் ஏற்றுமதி செய்யச் சில கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. வனவிலங்கு வியாபாரத்தைக் கவனித்து வரும் டிராபிக் என்ற ஸ்தாபனம் 2015-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியது: பத்து லக்ஷம் பல்லிகளை உண்மையாகவே கூண்டில் உற்பத்தி செய்வதானால் 1,40,000 பெண் பல்லிகளும் 14,000 ஆண் பல்லிகளும் வேண்டும், அவற்றுக்குக் கூண்டுகள், தீனி, நூற்றுக்கணக்கான வேலையாட்கள் வேண்டும். விற்ற விலை அந்தச் செலவுக்கு எட்டாது. காட்டில் பிடித்ததைப் பண்ணையின் முத்திரை குத்தி அனுப்பினார்கள் என்பது தவிர வேறு எப்படி அர்த்தம் செய்வது? அதே தேசத்திலிருந்து ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளைப் பற்றி 2011-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், பண்ணையில் பிறந்தவை என்று சொல்லப்பட்டவற்றில் நூற்றுக்கு எண்பது காட்டில் பிடித்தவை என்று கண்டிருக்கிறார்கள். "பண்ணையில் பிறந்தது" என்ற சீட்டு இந்த வியாபாரத்தில் எவ்வளவு பெறும் என்பதற்கு இவை போதும். டோக்கே பல்லி 2019-ல் ஜினீவாவில் கூடிய மகாநாட்டில் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. அதே மகாநாட்டில் இலங்கை தனது கொம்புப் பல்லிகளுக்கும் பாதுகாப்புத் தேடிக்கொண்டது. அவை உலகில் வேறெங்கும் இல்லாதவை, ஐரோப்பியக் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பெட்டி பெட்டியாய்க் களவு போய்க்கொண்டிருந்தவை.

வளர்க்கிறவர்களின் சொந்த லாபத்தையே எடுத்துக்கொண்டாலும் காட்டில் பிடித்த பல்லி நல்ல தீனி அல்ல. அதன் வயிற்றிலும் சுவாசப் பையிலும் புழுக்கள் குடியிருக்கும். தின்ற பாம்புக்கும் அவை போய்ச் சேரும். பெட்டியில் அடைபட்ட ஓணானுக்குச் சூரிய வெளிச்சம் போதாவிட்டால் சுண்ணச் சத்து உடம்பில் ஒட்டாமல் எலும்பு மெழுகாய் வளைந்து, தாடை தொங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கண்ணாடியில் தன் நிழலையே எதிரி என்று எண்ணி மோதி மூக்கு உடையும். மனிதர்க்கும் இதில் பங்குண்டு. பல்லியினங்களின் மலத்திலுள்ள சால்மொனெல்லா என்ற கிருமி சிறு குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவற்றை வைக்கக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துகிறதே குடைகிறதே என்றவன் கதையை நமது பாட்டிமார்கள் இதற்காகத்தான் சொன்னார்களோ என்னவோ!

வெளிநாட்டுப் பிராணியை வளர்க்கும் ஆசை எங்கே போய் முடியும் என்று அறிய அமெரிக்காவைப் பார்க்கவேண்டும். பர்மா தேசத்து மலைப்பாம்புகளைப் பிரியமாக வாங்கி வளர்த்தவர்கள் அந்நாட்டில் ஏராளம். சில தப்பின, சிலவற்றை அலுத்துப்போனவர்களே அவிழ்த்துவிட்டார்கள். இன்று பிளாரிடா மாகாணத்தின் சதுப்புக் காட்டில் அவை பெருகி, முயலையும் ரக்கூனையும் அனேகமாகத் துடைத்துவிட்டன. அவற்றோடு வந்த ஒரு புழு அந்த நாட்டுப் பாம்புகளையும் பிடித்துக்கொண்டது. எத்தனை யந்திரம், எத்தனை நாய், எத்தனை பரிசு வைத்துப் பார்த்தும் தீரவில்லை. 2017-ம் வருஷம் ஜனவரியில் அந்த மாகாணத்தார் யாரை வரவழைத்தார்கள் தெரியுமா? நமது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான ஸ்ரீ மாசி சடையனையும் ஸ்ரீ வடிவேல் கோபாலையும். கையில் ஒரு கம்பி, மண்ணில் பாம்பு போன தடத்தைப் படிக்கும் கண், இவைதான் அவர்களுடைய ஆயுதம். சில நாட்களில் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று பதினாறு அடி நீளம். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பெரிய தேசம் தன் பணக்காரர்களின் விளையாட்டுப் பண்டத்தால் வந்த வினையைத் தீர்க்க, பள்ளிக்கூடம் கண்டிராத இரண்டு தமிழர்களின் கால் பிடிக்க வேண்டியதாயிற்று. இதைச் சொல்லுகையில் நமக்குப் பெருமை ஏற்படுவதை மறைப்பானேன்?

நமக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. காவேரி வாய்க்கால்களை அடைத்து நிற்கும் ஆகாயத் தாமரை எங்கிருந்து வந்தது? ஏரிக் கரைகளைப் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேல் எங்கிருந்து வந்தது? ஜிலேபிக் கெண்டையைக் கேட்டால் அதுவும் ஒரு கதை சொல்லும். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்து விட்டார். சிறு குட்டியாகப் பச்சைப் பசேலென்று வாங்கப்படும் இகுவானா என்ற அமெரிக்க ஓணான் சில வருஷங்களில் ஐந்து ஆறடி நீளம் வளர்ந்து வாலால் அடிக்கும். அதை வாங்கியவர்கள், உடும்பு வேண்டாம் கையை விட்டால் போதும் என்ற நிலைக்கு வந்து ஆற்றங்கரையில் விட்டுவிட்டால், ஈரமும் இலையும் வெயிலும் நிறைந்த நமது டெல்டாவைவிட அதற்கு வேறு சொர்க்கம் வேண்டுமா? பிளாரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் சிங்கப்பூரிலும் அது இவ்வாறே ஊன்றிக்கொண்டது.

இனிச் சட்டம். நமது பார்லிமெண்டு 1972-ல் இயற்றிய வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற பதத்துக்குக் கொல்லுதல் மட்டுமல்ல, பிடித்தல், கண்ணி வைத்தல் இவையும் அர்த்தம். உடும்பு முதல் ஜாபிதாவில் இருக்கிறது. ஒரு உடும்பைப் பிடித்தவனுக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறைவாசம். அபராதம் 2022-ம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தனது ஓணானும் பல்லியும் ஜாபிதாவில் இல்லை என்று நமது நேயர் வாதிக்கிறார். ஜாபிதா சாஸ்திரப் பெயர்களால் ஆனது. வேலியில் கண்டது எந்த ஜாதி என்று பார்த்தவுடன் சொல்ல எத்தனை பேரால் முடியும்? பச்சோந்தியை ஓணான் என்று எண்ணிப் பிடித்தேன் என்று கோர்ட்டில் சொன்னால் மாஜிஸ்டிரேட் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். அது எப்படியாயினும், நமது வாதம் ஜாபிதாவின்மேல் நிற்கவில்லை. இன்று ஜாபிதாவில் இல்லாதது பத்து வருஷம் பிடித்து விற்ற பிறகு ஜாபிதாவுக்கு வந்துவிடும். டோக்கே பல்லி அப்படித்தான் வந்தது.

சட்டத்தைப் பற்றி நமக்கு வேறொரு குறை இருக்கிறது. அதை இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருக்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாகவே தெரிவித்துவிட்டால், அவை எப்படி வந்தன என்பதற்குத் தஸ்தாவேஜு எதுவும் கேட்கமாட்டோம் என்பது அதன் சாரம். பிறகு 2022-ம் வருஷத் திருத்தம் வந்தது. அதன்கீழ் 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. சர்வதேச ஜாபிதாவில் உள்ள பிராணிகளை உயிரோடு வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள மறுபடியும் ஆறு மாதம் தவணை. பதிவு வேண்டும் என்பதை நாம் முழு மனதுடன் ஆதரிக்கிறோம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்காரருக்குக் கேள்வியில்லாமல் தவணை மேல் தவணை கொடுத்த ராஜாங்கம், உடும்புக்காரனுக்கு என்ன கொடுத்தது?

வக்கீல் தொழில் செய்த நாட்களில் நாம் கண்ணால் கண்ட காட்சி ஒன்று உண்டு. ஒரு மாஜிஸ்டிரேட் கோர்ட்டில், இடுப்பில் ஒரு துண்டைத் தவிர வேறில்லாத கிழவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு உடும்பைப் பிடித்திருந்தான். யாருக்காகப் பிடித்தாய் என்று கேட்டதற்கு, முதுகுவலிக்கு எண்ணெய் வேண்டுமென்று கேட்ட ஒரு பெரிய மனிதர் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் கிழவன் ஜெயிலுக்குப் போனான். அவன் செய்தது குற்றமே. அதை நாம் மறுக்கவில்லை. வாங்குகிறவன் இல்லாவிட்டால் பிடிக்கிறவன் ஏது? நரிக்குறவர்களை 2023-ல் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தாயிற்று, நல்ல காரியம். பட்டியலில் சேர்த்தவர்களுக்குப் பிழைக்க வழி காட்டாமல் வலையை மட்டும் பிடுங்கினால் போதுமா?

வழி இல்லாமற் போகவில்லை. பாம்புத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு இருளர்களின் பிழைப்பு போனபோது, 1978-ல் அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இன்றும் நடக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை இந்நான்கையும் வன இலாகாவின் அனுமதிப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்படாமல் பிடிக்கிறார்கள். சில வாரங்களில் சில தடவை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். தேசமெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த விஷமே பெரும்பாலும் மூலப்பொருள். கோழி உதாரணத்தைக் காட்டிலும் இந்த உதாரணத்தை நமது நேயர் நினைத்துப் பார்க்கட்டும். பிடித்தது எவ்வளவு, திரும்பப் போனது எவ்வளவு என்று அங்கே பேரேடு இருக்கிறது. பாம்புக்குத் தீனியாகப் போகிற பல்லிக்கு என்ன பேரேடு?

நெல் விளையும் பூமியில் இருக்கிறவருக்கு இதையும் சொல்லவேண்டும். வரப்பில் வளை தோண்டி மடையை ஒழுகவைக்கும் நண்டை உடும்பு தின்கிறது. நத்தை, வண்டு, எலிக்குஞ்சு இவையும் அதன் ஆகாரம். குறுவைக்கும் சம்பாவுக்கும் எலிக்கிட்டி வைத்துப் பணம் கொடுக்கும் மிராசுதார்கள், வரப்பில் ஓடும் உடும்பை எண்ணெய்க்காக விரட்டுவது வேடிக்கை. ஓணான் வேலியில் உட்கார்ந்து நாளெல்லாம் பூச்சி பொறுக்குகிறது. இரவில் பல்லி அந்த வேலையைச் சுவரில் ஏற்றுக்கொள்ளுகிறது. காஞ்சீபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஜனங்கள் நாம். வீட்டுப் பல்லியைக் காசுக்கு விற்றோம் என்று பெயர் வாங்கவேண்டாம்.

சர்க்காருக்கு நாம் சொல்லுவது இரண்டொரு விஷயங்களே. பதிவுக்கு வரும் ஒவ்வொரு பிராணியும் எங்கே, யாரிடம், எந்த வருஷம் வாங்கப்பட்டது என்று கேட்கவேண்டும். பதில் இல்லாதவரிடம் மேலும் குட்டி போடவோ விற்கவோ அனுமதி இருக்கக்கூடாது. பாம்பு வைத்திருப்பவர் அதற்கு என்ன தீனி போடுகிறார் என்பதும் பதிவில் ஒரு கலமாக இருக்கட்டும். எலி வளர்த்துப் போடுவது சிரமமான காரியமல்ல. உடும்பு வழக்கில் வாங்கினவர் பெயரை எழுதிக்கொள்ளாத அதிகாரியிடம் ஏன் எழுதவில்லை என்று மேலதிகாரி கேட்கவேண்டும். திருச்சி விமான நிலையத்தில் பெட்டி தூக்கி வந்தவனைப் பிடித்தது நல்லதே. பெட்டி யாருக்காக வந்தது என்பதையும் விடாமல் துருவவேண்டும்.

நமது நேயருக்கு உத்தியோகம் இல்லை என்ற துன்பத்தை நாம் லேசாக எண்ணவில்லை. ஆறு மாதம் பிராணிகளை உயிரோடு காப்பாற்றிய பொறுமை உடையவர். ஓணான் எப்பொழுது நிறம் மாறுகிறது, எந்தப் பூச்சியை விரும்புகிறது என்றெல்லாம் கடிதத்தில் நுணுக்கமாக எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதி நமக்கு அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பிரசுரித்து உரிய சன்மானமும் அனுப்புவோம். பெட்டியில் அல்ல, வேலியில் பார்த்து எழுதவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

பெட்டியில் இருப்பவற்றை எங்கே பிடித்தாரோ அந்த வேலியிலேயே விட்டுவிடட்டும். காலை வெயில் நன்றாக ஏறியபிறகு விடவேண்டும்; குளிர்ந்த வேளையில் விட்டால் ஓடமுடியாமல் காக்கைக்கு இரையாகும். சினையாயிருக்கும் இரண்டையும் மண் பொலபொலப்பாயும் ஈரமாயும் உள்ள இடத்துக்கருகில் விடவேண்டும். அவை குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். வெளிநாட்டுப் பிராணி எதாவது அவரிடமோ அவருடைய நண்பர்களிடமோ இருந்தால் அதை மட்டும் எக்காரணத்தாலும் வெளியில் விடாமல் வன இலாகா அதிகாரியிடம் ஒப்படைக்கவேண்டும்.